துருவக் கடல்களில் எண்ணெய், கடற்பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருவப் பறவைகளைப் பற்றிப் பேச்சு வந்து, அதில் எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டால், கேட்பவர் யாராக இருந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், வம்பானவை பின்னால். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. எண்ணெய் தண்ணியில மிதக்குது, பறவை வானத்துல பறக்குது. ரெண்டும் எங்கே சந்திக்குது?

நீரின் மேற்பரப்பில். கடற்பறவை என்றதும் பறக்கிற உருவம்தான் நம் மனதில் வருகிறது. ஆனால் கில்லெமோட், ஐடர் வாத்து போன்ற வடதுருவப் பறவைகள் கூடு கட்டும் காலம் தவிர மற்ற மாதங்களில் கடலில் மிதந்தேதான் வாழ்கின்றன. தூங்குவதும் இறகு கோதுவதும் அங்கேயே. இரைக்காக மூழ்கினாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும். பெங்குவினுக்குப் பறந்து தப்பும் வழியே கிடையாது.

2. இறகில் எண்ணெய் ஒட்டினால் அழுக்காகும், அவ்வளவுதானே? சாவு எப்படி வருகிறது?

குளிரால் வருகிறது. இறகின் நடுத்தண்டிலிருந்து கிளைகள், அந்தக் கிளைகளிலிருந்து இன்னும் நுண்ணிய கிளைகள், அவற்றின் நுனியில் கொக்கிகள். இந்தக் கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தண்ணீர் புகாத வலையாகின்றன. அதற்கு அடியில் மென்தூவி காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் காற்றுதான் பறவையின் போர்வை, அதுதான் மிதவையும்கூட. எண்ணெய் பட்டதும் நுண்கிளைகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன, இடையில் திறப்பு விழுகிறது, தண்ணீர் உள்ளே போய்க் காற்றை வெளியேற்றுகிறது.

பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியது. துருவக் கடல்நீர் உறையாமலேயே மைனஸ் 1.8 டிகிரி வரை இறங்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். உடலைச் சூடாக வைத்திருக்கப் பறவை தன் கொழுப்பை எரிக்கிறது, பிறகு தசையை எரிக்கிறது. நனைந்த உடலோடு ஆழத்துக்கு மூழ்கி இரை பிடிக்கவும் முடியாது. கரைக்கோ பனித்தட்டுக்கோ ஏறினால் குளிர் சற்றுக் குறையும், ஆனால் அங்கே சாப்பாடு இல்லை. வெப்பமான கடலில் இதே பறவைக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கும். துருவத்தில் அந்த அவகாசம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

3. பறவைக்கே வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கே. அதுவும் எண்ணெய்தானே?

சுரப்பியிலிருந்து வருவது மெழுகுத் தன்மையுள்ள பொருள். இறகை வறண்டு முறியாமல் வைத்திருப்பது அதன் வேலை. தண்ணீர் புகாமல் காப்பது முக்கியமாக இறகின் பின்னல்தான். பெட்ரோலியம் கெடுப்பது அந்தப் பின்னலை.

பறவையிடமிருந்து வரும் எண்ணெய் எல்லாமே பாதுகாப்பானது என்று நினைத்துவிடவும் வேண்டாம். வடகடல்களில் வாழும் ஃபுல்மார், வயிற்றில் சேர்த்து வைத்திருக்கும் எண்ணெயை எதிரியின் மீது கக்கும். கூட்டில் இருக்கும் குஞ்சுகூட இதைச் செய்யும். அது இறகில் பட்ட வேட்டைப் பறவைகள் பறக்க முடியாமல் செத்திருக்கின்றன. கப்பல்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே எண்ணெயை ஆயுதமாக்கிக்கொண்ட பறவை அது.

4. ஒரு பொட்டு பட்டாலே ஆபத்தா, முழுசா முங்கினால்தான் ஆபத்தா?

ஒரு பொட்டே போதும், அது வயிற்றுப் பக்கத்தில் பட்டிருந்தால். முக்குளிப்பவர் அணியும் உடையில் ஓர் ஓட்டை விழுந்தால் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து பயன் இல்லை, அது மாதிரி. நீரில் எப்போதும் அழுந்தியிருக்கும் மார்பிலும் வயிற்றிலும் சிறு திட்டு ஒட்டினாலே குளிர் உள்ளே இறங்கத் தொடங்கிவிடும். முதுகில் பட்ட திட்டு அந்த அளவுக்குக் கொல்வதில்லை.

படம் பிடிக்கத் தகுந்த கரும்பிசின்தான் எண்ணெய் மாசு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லிய, வானவில் மாதிரி மின்னும் படலம்கூடக் கடற்பறவை இறகின் நுண்பின்னலைக் கலைத்துவிடுவதைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள்.

5. உள்ளுக்குள் போனால் என்ன செய்யும்?

அழுக்கு ஒட்டிய பறவை செய்யும் முதல் காரியம் இறகைக் கோதுவது. கோதக் கோத எண்ணெய் வாய்க்குள் போகிறது. சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வருகிறது. பஃபின் உள்ளிட்ட பறவைகளில் இதை 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். குடல் புண்ணாகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன, நோய் எதிர்ப்புக் குறைகிறது. ஆழத்துக்கு மூழ்கும் பறவைக்கு ரத்தசோகை என்றால் மூச்சுப் பிடிக்கும் நேரம் குறைகிறது என்று அர்த்தம். இறகு பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் அது பட்டினிக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

6. குளிரில் எண்ணெய் கெட்டியாயிடும், பனியே அதைப் பிடிச்சு வெச்சுக்கும்னு சொல்றாங்களே. நல்லதுதானே?

பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும்தான் எடுத்துச் சொல்கிறார்கள். எண்ணெய் தடிக்கிறது, பனித்துண்டுகளுக்கிடையே பரவுவது குறைகிறது, அதுவரை சரி. ஆனால் ஆவியாவதும் மெதுவாகிறது, நுண்ணுயிர்கள் சிதைப்பதும் மெதுவாகிறது. வெப்பக் கடலில் சில வாரங்களில் வீரியம் இழக்கும் எண்ணெய் இங்கே மாதக்கணக்கில் புதிதாகவே இருக்கும்.

அடுத்தது பனிக்கட்டியின் வேலை. குளிர்காலத்தில் பனிக்கு அடியில் சிக்கும் எண்ணெயின் கீழே புதுப்பனி வளர்ந்து அதை உள்ளே அடைத்துவிடுகிறது. வசந்தத்தில் வெயில் ஏறும்போது, உப்புநீர் வடியும் நுண்குழாய்கள் பனியில் திறக்கின்றன. அவற்றின் வழியே எண்ணெய் மேலே ஏறிக் குட்டைகளாகத் தேங்குகிறது. கனடாவின் ஆர்க்டிக் கரையில் 1970களின் நடுவில் வேண்டுமென்றே எண்ணெய் ஊற்றிச் செய்த சோதனையில் இது தெளிவாகத் தெரிந்தது. வலசைப் பறவைகள் வந்து சேர்வதும் அதே வசந்தத்தில்தான். நவம்பரில் கசிந்தது மே மாதத்தில் பறவைக்கு முன்னால் நிற்கும், அதற்குள் பனியோடு வெகுதூரம் நகர்ந்தும் போயிருக்கும்.

7. பறவைக்குக் கண் இல்லையா? எண்ணெயைப் பார்த்தா விலகிப் போகாதா?

அப்படி நம்பியிருக்க முடியாது. எண்ணெய் சிற்றலைகளை அடக்கி நீரை அமைதியாகக் காட்டும். பனி மூடிய கடலில் இறங்கத் தேடுவதோ திறந்த நீர். பனிக்கு நடுவே விரிசல்களிலும் திறந்த நீர்த்திட்டுகளிலும்தான் பறவை இறங்க முடியும். எண்ணெய் வந்து சேருவதும் அந்த இடங்களில்தான். விலகிப் போக வேறு இடம் இருந்தால்தானே?

பெரிங் கடலில் செயின்ட் லாரன்ஸ் தீவுக்குத் தெற்கே இதன் உச்சத்தைப் பார்க்கலாம். கண்ணாடி போட்டதுபோல் முகம் கொண்ட ஐடர் வாத்து ஒன்று உண்டு. உலகிலுள்ள அந்த இனம் ஏறக்குறைய மொத்தமும் குளிர்காலத்தை அங்குள்ள பனி விரிசல்களில் நெருக்கியடித்துக் கழிக்கிறது. அது எங்கே போய்விடுகிறது என்பதே 1990களின் நடுவில், செயற்கைக்கோள் கருவி பொருத்திய பிறகுதான் தெரிந்தது.

8. எல்லாப் பறவைக்கும் ஒரே அளவு ஆபத்தா?

இல்லை. நீரில் வாழ்ந்து மூழ்கி இரை பிடிப்பவை முதலில்: கில்லெமோட், பஃபின், லிட்டில் ஆக், கடல்வாத்துகள், நீர்க்காகம், பெங்குவின். பறந்தபடி மேலிருந்து இரையைக் கொத்தும் ஆலாக்களுக்கு ஆபத்து குறைவு. கடற்காகமும் ஸ்குவா என்ற வேட்டைக் கடற்பறவையும் நடுவில் வரும், ஆனால் எண்ணெய் பூசிய பிணங்களைத் தின்று தாமும் மாட்டிக்கொள்ளும்.

காலமும் பார்க்க வேண்டும். தடித்த அலகுக் கில்லெமோட் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு மூன்று வாரம் போல ஆனதும், முழுசாகப் பறக்கத் தெரியாத நிலையிலேயே பாறை விளிம்பிலிருந்து கடலுக்குக் குதிக்கும். தந்தை கூடவே நீந்தும். அந்த நேரத்தில் தந்தையின் பறக்கும் இறகுகளும் உதிர்ந்துவிடும். இரண்டும் பறக்க முடியாமல், வாரக்கணக்கில் நீந்தியே வலசை போகின்றன. எண்ணெய் வர இதைவிடக் கெட்ட வேளை இல்லை.

9. பெரிய கசிவுன்னா பெரிய சாவு, சின்னக் கசிவுன்னா சின்னச் சாவு. கணக்கு சரிதானே?

தப்பு. இந்த ஒரு விஷயத்தை மாற்றி யோசித்தாலே மீதிக் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். 1978இல் பிரான்ஸின் பிரிட்டனி கரையில் அமோகோ காடிஸ் கப்பலிலிருந்து 2 லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. கரையில் கிடைத்த பறவைப் பிணங்கள் 5,000க்கும் குறைவு. அடுத்த ஆண்டு மார்ச்சில் நார்வேயின் வடகோடியில், வாராங்கர் ஃபியோர்டில் ஒரு சிறு கசிவு. செத்தவை 10,000 முதல் 20,000 வரை, பெரும்பாலும் தடித்த அலகுக் கில்லெமோட்கள்.

எவ்வளவு கொட்டியது என்பதைவிட எங்கே, எந்த மாதத்தில் கொட்டியது என்பதே தீர்மானிக்கிறது. துருவக் கடலில் இரை சில இடங்களில், சில வாரங்களில் மட்டும் குவியும். பறவைகளும் அங்கேயே குவியும். அந்தக் குவியலின் மேல் விழுகிற சிறு கசிவுக்குப் பெரிய எண் தேவையில்லை.

10. கப்பல் கவிழ்ந்தால்தான் செய்தி வருது. மத்த நாளெல்லாம் கடல் சுத்தமாத்தானே இருக்கும்?

செய்தி வராத எண்ணெய்தான் நெடுநாள் கொலையாளி. எஞ்சின் அறையின் அடியில் சேரும் எண்ணெய் கலந்த கழிவுநீரைத் துறைமுகத்தில் காசு கொடுத்து இறக்க வேண்டும். சில கப்பல்கள் இரவில் நடுக்கடலில் திறந்துவிடுகின்றன. கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் கரைக்கு அப்பால் ஆர்க்டிக்கிலிருந்து வரும் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1990களின் இறுதியில் அங்கே இப்படித் திருட்டுத்தனமாக விடப்பட்ட எண்ணெயால் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பறவைகள் செத்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தடித்த அலகு, சாதாரணம் என்ற இரண்டு கில்லெமோட் இனங்களும் லிட்டில் ஆக்கும் மட்டும் சேர்ந்த கணக்கு அது. விபத்து எதுவும் இல்லாமல், ஆண்டுதோறும்.

11. அண்டார்டிகாவில் எண்ணெய்க் கிணறே கிடையாதே, அங்கே எண்ணெய் எங்கிருந்து வந்தது?

கப்பலின் சொந்த எரிபொருள் தொட்டியிலிருந்தும், ஆய்வு நிலையங்களின் டீசல் கிடங்கிலிருந்தும். 1989 ஜனவரி 28 அன்று, ஆய்வு நிலையங்களுக்குப் பொருள் கொண்டுபோன பாயியா பரைசோ என்ற அர்ஜென்டினா கடற்படைக் கப்பல், அண்டார்டிக் தீபகற்பத்தில் அமெரிக்காவின் பால்மர் நிலையத்துக்குப் பக்கத்தில் பாறையில் மோதியது. சுமார் 6 லட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. இரண்டு மாதத்துக்குள், மார்ச் 24 அன்று, பூமியின் மறுகோடியில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. அங்கே கொட்டியது சுமார் 4 கோடி லிட்டர். உலகம் அந்தப் பக்கமே பார்த்தது, இது மறந்துபோனது.

2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற சுற்றுலாக் கப்பல் பனியில் அடிபட்டு பிரான்ஸ்ஃபீல்ட் நீரிணையில் மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் தப்பினார்கள், எரிபொருள் தப்பவில்லை.

12. அது வெறும் டீசல்தானே. ஆவியாகிப் போயிடாதா?

கச்சா எண்ணெயைவிட விரைவாகக் கலைந்துபோகும், உண்மைதான். ஆனால் இலகுவான எண்ணெயில் நச்சுக் கூறுகள் அதிகம், அவை உடனே வேலையைக் காட்டும். பால்மர் அருகே கரைப்பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பியினங்கள் செத்தன. அவற்றைத் தின்னும் கடற்காகங்களுக்கு இரை குறைந்தது. நீர்க்காகங்களும் அடேலி பெங்குவின்களும் நேரடியாகப் பாதிக்கப்பட்டன.

ஸ்குவா குஞ்சுகளின் கதை இன்னும் சிக்கலானது. அந்தப் பருவத்தில் சுற்றுத் தீவுகளில் அவை ஏறக்குறைய எல்லாமே செத்தன. எண்ணெயால் பெற்றோர் கூட்டைக் காக்காமல் விட்டதுதான் காரணம் என்றது ஒரு தரப்பு. அந்த ஆண்டு இரையே குறைவு, எண்ணெய் வருமுன்பே குஞ்சுகள் நலிந்திருந்தன என்றது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது வாதத்தையும் ஒதுக்கிவிட மனமில்லை. ஒவ்வொரு மரணத்தையும் எண்ணெயின் கணக்கில் எழுதினால், உண்மையான கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

13. முட்டைக்கு ஓடு இருக்கே, அதுக்குள்ள எப்படிப் போகும்?

மூச்சுவிடும் துளைகள் வழியே. கடலில் எண்ணெய் பூசிக்கொண்ட தாயோ தந்தையோ திரும்பிவந்து அடைகாக்கும்போது வயிற்றிலிருந்து ஓட்டில் ஒட்டுகிறது. வாத்து முட்டைகளில் செய்த சோதனைகளில் 10 மைக்ரோலிட்டருக்கும் குறைவான கச்சா எண்ணெயே கருவைக் கொல்லப் போதுமாக இருந்தது. ஒரு சொட்டில் அது சிறு பங்குதான். ஓடு மூடி மூச்சு முட்டுவதால் அல்ல, நச்சு உள்ளே இறங்குவதால். கேள்வி 8இல் சொன்ன ஒற்றை முட்டையை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

14. அலாஸ்காவில் 2.5 லட்சம் பறவை செத்ததுன்னு எழுதறாங்களே, யாரு எண்ணினது?

யாரும் எண்ணவில்லை. எக்ஸான் வால்டெஸ் கசிவில் (கேள்வி 11) கரையில் பொறுக்கியவை 30,000க்கும் மேல். இனம் தெரிந்தவற்றில் முக்கால்வாசி கில்லெமோட்கள். பெரும்பாலான பிணங்கள் மூழ்கும், கடலோடு போகும், நரியும் கழுகும் தின்னும். எத்தனையில் ஒன்று கரைக்கு வரும் என்று அறிய, அடையாளம் கட்டிய பிணங்களைக் கடலில் விட்டு எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்ப்பார்கள். அந்த விகிதத்தால் பெருக்கி வருவதுதான் 2.5 லட்சம் என்ற மதிப்பீடு. ஆள் நடமாட்டமே இல்லாத துருவக் கரைகளில் பொறுக்கவும் ஆளில்லை. அங்கே பிணம் கிடைக்காததைச் சாவு இல்லாததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

15. சோப்புத் தண்ணியில கழுவி விடுறதை வீடியோவில் பார்த்தேன். பெங்குவினுக்கு ஸ்வெட்டர்கூடப் போடறாங்களாமே?

ஸ்வெட்டர் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில், சின்னஞ்சிறு பெங்குவின்கள் எண்ணெயைக் கோதி விழுங்காமல் தடுக்கப் பயன்பட்டது. அண்டார்டிகாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தயவுசெய்து பின்னி அனுப்ப வேண்டாம், தேவைக்கு மேல் குவிந்துவிட்டது.

கழுவுவது பிடித்தவுடனே செய்கிற வேலை அல்ல. முதலில் சூடேற்றி, நீர்ச்சத்து ஏற்றி, தேறிய பிறகே கழுவுவார்கள். பிறகு சோப்பின் சுவடே இல்லாமல் அலச வேண்டும். மீந்த சோப்பும் இறகை நனையவிடும். தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டு ட்ரெஷர் கப்பல் மூழ்கியபோது எண்ணெய் பூசிய சுமார் 19,000 ஆப்பிரிக்கப் பெங்குவின்களில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குத் திரும்பின. பக்கத்திலேயே நகரம், ஆயிரக்கணக்கான தொண்டர்கள், திடமான பறவை. 2011இல் தென் அட்லாண்டிக்கின் ட்ரிஸ்டன் டா குன்யா தீவுக்கூட்டத்தில் ஒலிவா கப்பல் மோதியபோது, கேப் டவுன் 2,700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. பிடித்த 3,700 போலுள்ள ராக்ஹாப்பர் பெங்குவின்களில் எட்டில் ஒன்றுகூட விடுவிக்கப்படவில்லை. துருவம் இந்த இரண்டாவது கதையைவிடவும் தொலைவு. கில்லெமோட்கள் பெங்குவின் அளவுக்குக் கூண்டைத் தாங்குவதும் இல்லை.

பயணத்தில் எண்ணெய் பூசிய பறவை ஒன்று பனியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், கடலுக்கு விரட்டாதீர்கள். குளிர் தாங்காமல்தான் ஏறி வந்திருக்கிறது. இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கப்பல் ஊழியரிடம் சொல்லுங்கள்.

16. மருந்து தெளிச்சுக் கரைக்கலாமே, இல்லைன்னா கொளுத்திவிடலாமே?

இரண்டும் செய்கிறார்கள். கரைப்பான் எண்ணெயைச் சிறு துளிகளாக்கி நீருக்குள் இறக்கும். மேற்பரப்பில் குறையும், மீனுக்கும் இரைக்கும் போகும். பறவை மீது நேராகப் பட்டால் கரைப்பானே இறகை நனைய வைக்கும். எரிப்பதற்குப் படலம் தடிமனாகத் திரள வேண்டும். பனி சில சமயம் அதற்கு உதவும், எரிந்தபின் பிசின் மிஞ்சும். மாதக்கணக்கில் இருட்டும் புயலும் இருக்கும் இடத்தில் எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முதல் சிக்கல்.

17. எத்தனை வருஷத்துல பழைய நிலைக்கு வரும்?

இனத்துக்கு இனம் மாறும். கில்லெமோட் இனப்பெருக்கம் தொடங்கவே ஐந்து வயது போல ஆகும். செத்த ஒரு வளர்ந்த பறவையை ஈடுகட்ட, ஒற்றை முட்டைகளாகப் பல பருவங்கள் வேண்டும். அலாஸ்காவில் கரையோரச் சரளையில் இரை தேடும் ஹார்லெக்வின் வாத்துகளின் கல்லீரலில், எண்ணெயை எதிர்கொள்ளும் நொதி எக்ஸான் வால்டெஸ் கசிவு நடந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகும் கூடுதலாக இருந்தது. கற்களுக்கடியில் புதைந்த எண்ணெய் அவ்வளவு காலம் கசிந்திருக்கிறது.

18. சட்டம் ஒண்ணும் இல்லையா? 2048இல் அண்டார்டிகா ஒப்பந்தம் முடியுதாமே?

முடிவடையாது. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, அந்த ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் நெறிமுறையான மாட்ரிட் நெறிமுறை அங்கே எண்ணெய், கனிமம் எடுப்பதைத் தடுக்கிறது. 2048க்குப் பிறகு மறுபரிசீலனை மாநாடு கேட்கலாம், அவ்வளவுதான். தடை தானாகக் காலாவதி ஆகாது.

கப்பல்களைப் பொறுத்தவரை, தடித்த கன எரிபொருள் எண்ணெயை 60 டிகிரி தெற்குக்குக் கீழே கொண்டுபோவதே 2011 ஆகஸ்ட் 1 முதல் தடை. ஆர்க்டிக்கில் அதே மாதிரித் தடை 2024 ஜூலை 1 முதல்தான், அதுவும் ஓட்டைகளோடு. எரிபொருள் தொட்டிக்கு இரட்டைச் சுவர் உள்ள கப்பல்களுக்கும், கரையோர நாடுகள் விலக்குக் கொடுக்கும் கப்பல்களுக்கும் 2029 ஜூலை வரை அவகாசம். பறவைகள் குவியும் துருவத்தில் பதிமூன்று ஆண்டு தாமதம் என்பதற்குக் கடலின் தன்மை காரணமல்ல, கரையில் யாருடைய துறைமுகங்கள் இருக்கின்றன என்பதுதான் காரணம். தங்கள் கடற்பகுதியில் நார்வே மட்டும் ஸ்வால்பார்டைச் சுற்றி 2022லேயே தடுத்துவிட்டது.

19. கடல் சூடானதால் அலாஸ்காவில் 40 லட்சம் கில்லெமோட் செத்துச்சாம். அப்போ எண்ணெயைப் பத்திப் பேசுறது நேர விரயமில்லையா?

எண் சரி. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையில் அலாஸ்காவின் சாதாரணக் கில்லெமோட்களில் பாதியளவு, சுமார் 40 லட்சம், பட்டினியால் செத்தன என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எக்ஸான் வால்டெஸ் கொன்றதைவிடப் பல மடங்கு. எண்ணெய்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து என்று நான் வாதிடவில்லை.

ஆனால் இரண்டும் தனித்தனிப் பறவைகளைத் தாக்குவதில்லை. வெப்ப அலையில் மெலிந்து தப்பிய பறவையிடம் எரிக்கக் கொழுப்பு இல்லை, கேள்வி 2இல் சொன்ன அவகாசம் அதற்கு இன்னும் குறைவு. பாதியாகச் சுருங்கிய கூட்டத்துக்குப் பழைய அளவுக் கசிவே இரட்டிப்பு அடி. பனி விலக விலகக் கப்பல்களும் கூடுகின்றன, பறவைகள் கூடும் அதே திறந்த நீரில். கடலின் சூட்டைக் குறைக்கப் பல தலைமுறை ஆகும். கப்பல் பாதையை நகர்த்த ஓர் உத்தரவு போதும். அர்ஜென்டினாவின் சுபுத் கரையில் 1980களில் ஆண்டுக்குச் சுமார் 40,000 மெகலனிக் பெங்குவின்கள் எண்ணெயால் செத்துக்கொண்டிருந்தன. 1990களின் இறுதியில் டேங்கர் பாதையைக் கரையிலிருந்து இன்னும் தள்ளிவைத்தார்கள், அதன் பிறகு எண்ணெய் பூசிய பெங்குவின்கள் அந்தக் கரையில் அரிதாகிவிட்டன.